பனியன் பெட்டிமேல் வரைந்த இறக்கை

சண்முகம்,

உன்னை நான் தலைமுழுகிவிட்டதாகத் திருப்பூரில் ஒரு பேச்சு உலவுகிறது. கம்பெனிக்குப் பின்புறம் உன் படங்களைக் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேனாம். மகன் பாராசூட் பட்டாளத்தில் இருந்துகொண்டே குதிக்கப் பயந்து ஒதுங்கியவன் என்று தெரிந்ததும் அவமானம் தாங்காமல் அப்படிச் செய்தேனாம். உடுமலைப்பேட்டையிலிருந்து உன் மாமா ராமசாமி இதைக் கேட்பதற்கென்றே பஸ் ஏறி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏனுங்கக்கா, உசுரோட இருக்கற பையனுக்குக் கொள்ளி வெச்சுப்போட்டீங்களாமா?" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலையே உனக்கும் சொல்கிறேன். தீ வைத்தது உண்மை. எரிந்தது பனியன் பெட்டிமேல் ஒட்டும் லேபிள்கள். அவமானம் என்பதும் உண்மைதான். அதை உண்டாக்கியவள் நான். மற்றதெல்லாம் ஊர் சேர்த்துக்கொண்டது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் வலது கண். புரை முற்றிவிட்டது, அறுத்துவிடலாம் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்கிறார். அறுத்த பிறகு எப்படி இருக்குமோ, என் கையெழுத்து என் கண்ணுக்குத் தெரிகிறபோதே எழுதிவிட வேண்டும். உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனாலும் அறியாதவர்கள் நாலு பேர் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேனே என்று சலித்துக்கொள்ளாதே.

உன் அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். நாலு நிட்டிங் மெஷினோடு அவர் கம்பெனியை ஆரம்பித்தபோது நீ தவழ்கிற குழந்தை. பெட்டிமேல் மயில் படம் போட்டார், முருகன் பேரைச் சொல்லி. ஒரு முறை கல்கத்தாவுக்குப் போக வேண்டிய சரக்கு மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றி, ஸ்டேஷன் ரோடு வரை போய்விட்டது. பெட்டியில் அச்சிட்ட அளவு ஒன்று, உள்ளே இருக்கும் பனியனின் அளவு ஒன்று என்று கட்டிங் ஆள் தயங்கித் தயங்கி வந்து சொன்னான். ஓர் அங்குலம்தான் குறை. துவைத்தால் நீண்டுவிடும், யாருக்கும் தெரியாது என்றுதான் நானும் சொன்னேன். உன் அப்பா சைக்கிளில் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அத்தனை பெட்டியையும் பிரிக்க வைத்தார். "வெளிய எழுதியிருக்கறது உள்ள இருக்கோணும். இல்லாட்டி எழுதவே வேண்டாம்" என்றார். நீ அப்போது பெட்டிகளை அடுக்கிக் கோட்டை கட்டி விளையாடினாய். உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருந்திருக்க வேண்டும்.

கம்பெனிக்கு மாடி எடுக்கிறபோது, கைப்பிடிச் சுவர் வைக்காத தளத்திலிருந்து அவர் விழுந்தார். சிமெண்ட் பூசியது காய்ந்ததா என்று பார்க்கப் போனவர். அதை மேலும் எழுத மாட்டேன். நீ அப்போது மீசை முளைக்கிற வயது. அதன் பிறகு உயரமான எதையும் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. உனக்கோ உயரம் என்றால் பொங்கல். வெள்ளகோவில் பக்கம் என் அப்பாவின், உன் அப்புச்சியின், தோட்டத்துக் கிணறு எவ்வளவு ஆழம் என்று ஊருக்கே தெரியும். மோட்டார் ரூம் கூரைமேல் ஏறி, அங்கிருந்து கைகளை விரித்துக்கொண்டு குதிப்பாய். உன் அப்புச்சி வரப்பில் நின்றுகொண்டு, "கொக்கு எறங்குது பாருங்க, மீனெல்லாம் ஓடிப்போகுங்க!" என்று சிரிப்பார். நான் வண்டியை விட்டு இறங்காமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டு, பிறகு உன் சிரிப்புச் சத்தம் கேட்கும் வரைக்கும் மூச்சு விட மாட்டேன்.

நீ பட்டாளத்தில் சேர்ந்தபோது நான் தடுக்கவில்லை. லாரி ஓட்டும் வேலை, தரையில் செய்கிற வேலை என்று நினைத்தேன். சில வருஷம் கழித்து உன்னை ஆக்ராவுக்கு மாற்றி, பாராசூட் பட்டாளத்தோடு இருக்கும் ஆஸ்பத்திரிப் பிரிவில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போட்டார்கள். அங்கே விருப்பப்பட்டால் டிரைவர்கூடக் குதிக்கப் பயிற்சி எடுக்கலாம், தேறினால் மெரூன் தொப்பியும் மார்பில் இறக்கைச் சின்னமும் கிடைக்கும், பெயர் கொடுக்கட்டுமா என்று எனக்கு எழுதினாய். நான் பதில் எழுதவில்லை. நீ லீவில் வரும்வரை பொறுத்திருந்து, வந்த மறுநாளே சிவன்மலைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கான்வென்டில் படித்தவள், கற்பூரத்தில் கை வைத்துச் செய்யும் சத்தியத்தை எல்லாம் கேலி பேசியவள், அன்றைக்கு உன் கையைப் பிடித்து அந்தச் சுடர்மேல் நீட்டினேன். "இந்த வீட்டில் ஒருவர் விழுந்தது போதும்" என்றேன். நீ மறுக்கவில்லை. "செரிங்கம்மா" என்றாய். படி இறங்கும்போது எனக்காக மெதுவாகத்தான் இறங்கினாய். கீழே வந்ததும் பொரி வாங்கிக் கொடுத்தாய். அந்தச் 'செரிங்கம்மா'வுக்கு என்ன விலை என்று நான் யோசிக்கவே இல்லை. பிள்ளை பிழைத்தான் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகும் நீ ஒழுங்காக எழுதினாய். நானும் ஒழுங்காகத் திருத்தினேன். உன் கடிதத்தில் விட்டுப்போன ஒற்றுகளைச் சிவப்புப் பென்சிலால் போட்டு, என் கடிதத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை நான் பெருமையாகவே வைத்திருந்தேன். முதன்முதலில் குதிப்பதைக் கீழே நின்று பார்த்த நாளைப் பற்றி எழுதியிருந்தாய். விமானம் போன வழியெல்லாம் குடைகள் விரிந்தன, காய் வெடித்துப் பஞ்சு பறப்பதைப் போல இருந்தது, எல்லோரும் மெரூன் தொப்பி, நான் ஒருவன்தான் கருநீலத் தொப்பி, வயலில் நிறம் மாறி முளைத்த செடி மாதிரி நின்றேன் என்று எழுதியிருந்தாய். நான் அதில் இரண்டு இடத்தில் பிழை திருத்தி அனுப்பினேன். அந்தப் பஞ்சைப் பற்றியோ அந்தச் செடியைப் பற்றியோ ஒரு வார்த்தை எழுதவில்லை. அதன் பிறகு உன் கடிதங்கள் 'நலம், நலமறிய ஆவல்' என்று சுருங்கின. பிழையே இருக்காது. முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

வங்காளத்துப் போர் வந்தது. உங்கள் ஆட்கள் விமானத்தில் போய்க் குதித்தார்கள். நீ ஆம்புலன்ஸோடு தரைவழியே பின்னால் போனாய். பத்திரிகைகளில் வானம் நிறையக் குடைகள். திருப்பூரே அதைத்தான் பேசியது. பல்லடம் ரோட்டில் என்னை நிறுத்தி, "சம்முகமும் குதிச்சானுங்களா?" என்று கேட்டார்கள். "அந்தப் பட்டாளம்தான்" என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் கேட்டவர் என்ன எடுத்துக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தெரியும், போக விட்டேன். டெல்லிப் பக்கம் சரக்கு எடுக்கும் ஏஜென்ட் வந்து, "மயிலு எல்லாரும் போடறாங்க அம்மா. புதுசா ஒண்ணு போட்டா வடக்க நல்லா ஓடுமுங்க" என்றார். மேசைமேல் உன் போட்டோ இருந்தது, ஆம்புலன்ஸ் கதவில் கை வைத்து நிற்பது. 'ஆகாய வீரன் மார்க்' என்ற பெயர் என் வாயிலிருந்துதான் வந்தது.

ஸ்டுடியோக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "வண்டிய அழிச்சுப்போடலாமுங்க. ஆனா றெக்கை இல்லாம இவரு குதிக்கறவருன்னு எப்படிங்க தெரியும்?" என்றார். "போடுங்கள்" என்றேன். கருநீலத் தொப்பியை அவர் மெரூனாக்கினார். இறக்கையை இடது மார்பில் வரைந்திருந்தார். பத்திரிகைப் படத்தைக் காட்டி வலது பக்கம்தான் என்று திருத்தியவள் நான். இரண்டு இறக்கையில் ஒன்று சற்றுத் தாழ்ந்திருக்கிறது, சமமாக வேண்டும் என்று இன்னொரு தடவை வரைய வைத்தேன். உனக்கு இறக்கை உண்டா என்பதை மட்டும் நானும் கேட்டுக்கொள்ளவில்லை, அவரும் கேட்கவில்லை. சிவகாசியில் நாலு வர்ணத்தில் அச்சாகி வந்தது. அழகாகவே இருந்தாய்.

போருக்கு அடுத்த வருஷம் தீபாவளிக்கு லீவில் வந்தாய். டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து நம்முடைய பனியன் பெட்டி ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாய். ஆக்ரா கடைவீதியில் வாங்கியது. அதன்மேல் யாரோ இந்தியில் பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள், என்னவென்று நான் கேட்கவில்லை.

"இது ஆருங்கம்மா?" என்றாய்.

"ஏன், உன் மூஞ்சி உனக்கே தெரியலையா கண்ணு?"

"மூஞ்சி என்னோடதுங்க. நெஞ்சு ஆரோடதுங்க?"

எனக்குக் கோபம் வந்தது. பிடிபட்டவளுக்கு வரும் கோபம். "விளம்பரத்துக்குப் போட்டது. இத்தனை நாள் மயிலைப் போட்டோமே, எந்த மயிலாவது வந்து கேட்டுச்சா?" என்றேன். ராமசாமியும் மேசையில் இருந்தான், பலமாகச் சிரித்தான். நீயும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ரசம் கேட்டாய், ஊற்றினேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. புது வேஷ்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அதற்கு அடுத்த தீபாவளியும் வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு கார்டு இல்லை.

கோபம் ஆறினால் எழுதுவான் என்று வீறாப்பாக இருந்தேன். இப்படி இருக்கையில், போன மாதம் கம்பெனிக்கு ஒருவர் வந்தார். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "அம்மாங்களா? நானு முத்துசாமிங்க, வெள்ளகோவிலுங்க. சம்முகமும் நானும் ஒரே பட்டாளமுங்க. கால் ஒடிஞ்சு பென்சன்ல வந்துட்டனுங்க" என்றார். உன்னைப் பார்த்தவர் என்பதால் உட்கார வைத்து, காபி கொடுத்து, எல்லாம் கேட்டேன். நீ அங்கே என்ன செய்கிறாய் என்பதை இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதுவும் வேற்றாள் ஒருவரிடம்.

"நாங்க மேல போயிருவமுங்க. அவன் கீழ மைதானத்துல எஞ்சினை ஓடவுட்டுட்டு நிப்பானுங்க. குடை ஒவ்வொண்ணா விரியறதைப் பாத்துட்டே இருப்பான். எது கோணலா வருதோ, அது தரைக்கு வர்றதுக்கு முந்தியே அங்க வண்டியத் திருப்பிருவானுங்க. எம்பட காலு ஒடிஞ்ச அன்னிக்கு, நானு 'அய்யோ'ன்னு கத்தி முடிக்கலைங்க, வண்டி வந்து நின்னுபோச்சு. 'கத்தாதீடா, மேல இருக்கறவன் பயந்து எறங்காம போயிருவான்'ங்கறான். ஒடிஞ்ச காலோட சிரிச்சனுங்க."

"அங்கே அவனை மதிப்பாக வைத்திருந்தார்களா?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பொய் சொல்லக் கூடாதுங்க. றெக்கை இல்லாதவனுக்கு அங்க ஒரு மாத்துக் கம்மிதானுங்க. தமிழ் ஆளுங்க நாங்க நாலஞ்சு பேரு அவனைத் 'தரை டிக்கெட்டு'ன்னுதான் கூப்புடுவமுங்க. ஏன்டா குதிக்கலைன்னு கேட்டா, ஒசரம்னா தலை சுத்துதுடான்னு அவனே சொல்லுவானுங்க. சரி, பயந்தாங்கொள்ளின்னு உட்டுட்டம். அப்புறமேட்டு அந்தப் பனியன் பெட்டி வந்துச்சுங்க. எவனோ வாங்கியாந்து சாப்புடற எடத்துல வெச்சுட்டான். 'தரை டிக்கெட்டு, ஊட்டுல மட்டும் பால்கனியா?'ன்னு கேட்டது நாந்தானுங்க. எல்லாரும் எந்திரிச்சு அவனுக்குச் சல்யூட் அடிச்சாங்க. அவன் தட்டை எடுத்துட்டுச் சமையக்கட்டுப் பக்கம் போயிட்டானுங்க. அதுக்கப்புறம் எங்ககூட உக்காந்து சாப்புட்டதில்லைங்க. அதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனுங்க. அவங்கிட்டக் கேக்க வாய் வரலை, உங்ககிட்டக் கேக்கறனுங்க."

சண்முகம், மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதித்தவனுக்கா உயரம் என்றால் தலை சுற்றும்? முத்துசாமியிடம் கிணற்றைச் சொன்னேன், சிவன்மலையைச் சொன்னேன், கற்பூரத்தைச் சொன்னேன். அவர் ஒடிந்த காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா எங்கள்ல ஒருத்தன் வாயத் தொறந்திருப்பமுங்களா?" என்றார். நீ ஏன் சொல்லவில்லை என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். அம்மா பேச்சைக் கேட்டு நிற்கிறான் என்று சிரிப்பார்களென்றா? என்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்றா? கோழை என்ற பெயரை நீயாக எடுத்து வைத்துக்கொண்டாய். நான் உன்னைக் குதிக்கவும் விடவில்லை, குதிக்காதவனாக இருக்கவும் விடவில்லை. பிள்ளை பத்திரமாகவும் இருக்க வேண்டும், ஊரில் பெருமையும் வேண்டும் என்று இரண்டையும் உன் ஒரு நெஞ்சின்மேல் ஏற்றினேன்.

முத்துசாமி போன மறுநாள்தான் தீ வைத்தேன். குடோனில் மிஞ்சிய லேபிள்கள் எல்லாம் எரிந்தன. ஏஜென்டுகளுக்குத் தந்தி கொடுத்தேன். மயிலை மறுபடியும் அச்சடிக்கச் சொல்லியாகிவிட்டது. ஆனால் கடைகளுக்குப் போனவற்றை எப்படித் திருப்புவது? உன் அப்பா சைக்கிளில் துரத்திப் பிடித்த மாதிரி நான் எந்த வண்டியைப் பிடிப்பது? அந்தப் பெட்டிகளில் ஜனங்கள் சில்லறை போட்டு வைத்திருப்பார்கள், ஊசி நூல் போட்டு வைத்திருப்பார்கள். எத்தனையோ வீட்டில் உன் நெஞ்சில் அந்த இறக்கை இன்னும் இருக்கும்.

சத்தியத்தை நான் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். குதிப்பதும் குதிக்காததும் இனி உன் விருப்பம். முத்துசாமியிடம் இதைச் சொன்னபோது, "இப்பப் போயிங்களா அம்மா? இந்த வயசுல அவனைச் சேக்க மாட்டாங்க, சேத்தாலும் முட்டி தாங்காதுங்க" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். காலம் கடந்து கொடுக்கிறேன் என்று எனக்கும் தெரியும். உனக்கு ஒரு குடும்பம் அமையும், பிள்ளைகள் பிறக்கும். அவர்களை நீ எதிலிருந்தாவது தடுத்தே ஆக வேண்டிய நாள் வரும். வந்தால், 'தடுத்தது நான்தான்' என்று நாலு பேர் கேட்க உன் வாயால் சொல்லிவிடு. பழியைப் பிள்ளையின் தலையில் விட்டுவிட்டுப் போய்த் தூங்காதே. பெற்றவளாக உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்திமதி இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கான்வென்டில் எங்கள் நோட்டில் பக்கம் கிழிக்கக் கூடாது. தப்பு செய்த பக்கத்திலேயே, தப்பு தெரியும்படி வைத்து, பக்கத்தில் திருத்தம் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். நான் உன்னைப் பற்றிய தப்பை ஊரறிய அச்சில் செய்தேன். குடோனில் இருந்ததைக் கொளுத்தினால் அது பக்கத்தைக் கிழிப்பதுதான். அதனால்தான் ஊர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டது. திருத்தமும் அச்சில்தான் வர வேண்டும். என் மகன் சண்முகம் பாராசூட்டில் குதித்தவன் இல்லை, குதித்தவர்களைத் தரையில் நின்று தூக்கியவன், குதிக்காதது என்னால், லேபிளில் இருந்த இறக்கை நான் போட்டது. இவ்வளவையும் சொல்லும் இந்தக் கடிதத்தைக் கோயமுத்தூரில் ஒரு வாரப் பத்திரிகை முழுதாகப் போடச் சம்மதித்திருக்கிறது. ஆனால் இன்னும் கொடுக்கவில்லை. இது உன் நெஞ்சு. இதில் தரை டிக்கெட்டு இருக்கிறது, சமையல்கட்டுப் பக்கம் நீ எடுத்துக்கொண்டு போன தட்டு இருக்கிறது. இவை பத்து பேர் கண்ணில் படுவது உனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்குத் தெரியாது. போன தடவை உன்னைக் கேட்காமல் அச்சுக்குக் கொடுத்தேன். இந்தத் தடவை கேட்கிறேன்.

கொடுக்கலாம் என்றால் அப்படி எழுது. வேண்டாம் என்றால் அதை எழுது. இந்தத் தாள்கள் உன் ஒருவனோடு நின்றுவிடும், நான் காரணம் கேட்க மாட்டேன். சிவப்புப் பென்சிலைத் துணியில் கோடு போடக் கட்டிங் மேசைக்குக் கொடுத்துவிட்டேன். கண் அறுக்கப் பங்குனியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் உன் எழுத்தை நானே படிக்க வேண்டும். ஒரு கார்டு போதும். பதில் எழுது.